பூச்சியம்

வேலை தொடங்க முன்
கருவியை ஒரு துண்டு வெறும் இரும்பில் வைக்க வேண்டும்.
பூச்சில்லாத இரும்பு. அதுதான் அதற்குப் பூச்சியம்.
அந்த ஒன்றை அறிந்த பிறகே
மற்றதெல்லாம் எவ்வளவு தடிப்பென்று சொல்லும்.

பரந்தன் சந்தி, பெற்றோல் செட்டுக்குப் பின்னால்,
பத்தரை மணி வெயில்.
ஒரு டொல்பின் வான், வெள்ளை.
டயருக்குக் கறுப்படித்து
டாஷ்போட்டில் புதுப் பிள்ளையார் ஒட்டியிருந்தது.
இராசகுலம் சாவியை விரலில் சுற்றினார்:
"ஒரு அடி இல்லைத் தம்பி. கொம்பனிப் பெயின்ற்.
கையால தடவிப் பாரும்."

கையை நம்பித்தான் ஊரில் பாதிப்பேர் வாகனம் எடுத்தார்கள்.
கைக்கு வழவழப்பு மட்டும்தான் தெரியும்.
இது பஞ்சிகாவத்தையில் பதினெட்டாயிரத்துக்கு வாங்கியது,
தீப்பெட்டியளவு. வைத்தால் கீச்சென்று ஒரு சத்தம், ஒரு எண்.

பொனற், நூற்றுப் பன்னிரண்டு மைக்ரோன்.
முன்கதவு நூற்றெட்டு.
பின்சில்லுக்கு மேலே இருநூற்று எழுபது.
பரவாயில்லை, யாரோ மதிலோடு உரசித் திரும்ப அடித்திருக்கிறார்கள்.
வாகனம் ஓட்டும் எல்லாருக்கும் எங்கோ ஒரு மதில் இருக்கிறது.

சுபதீபா ஒவ்வொன்றாய்க் கொப்பியில் எழுதினாள்.
நேர்சரிப் பிள்ளைகள் பதினாறு பேரை ஏற்றி இறக்க வாங்குகிறாள்.
பாதி லீசிங், மீதி சீட்டுக்காசு.

கூரையைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.
கூரையால் போய் யார் மோதுவது?
பின் பம்பரில் ஏறிக் கையை நீட்டினேன்.
இருநூற்றுப் பத்து.
இருநூற்றுப் பதினாறு. முழுக் கூரையும் திரும்ப அடித்தது.
ஆயிரத்து நானூறு.

இறங்கினேன். இரும்புத் துண்டில் மறுபடி பூச்சியமாக்கினேன்.
ஏறினேன். ஆயிரத்து நானூற்றிரண்டு.
ஒரு சாண் தள்ளி, இருநூற்றொன்பது.
இன்னும் அரைச் சாண். எண் இல்லை, நாலு கோடு.
பூச்சு அளவுக்கு மேல் என்று அர்த்தம்,
அல்லது அடியில் இரும்பே இல்லை என்று.
இரண்டுக்கும் இது ஒரே கோட்டைத்தான் போடும்.

"பனங்காய் விழுந்தது" என்றார் இராசகுலம்.

சோக்கால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன்.
பதினொரு பனங்காய்.
பின்கதவிலிருந்து சாரதி இருக்கை வரை
ஒரே சாய்வில்.

சுபதீபா வெறும் எண்ணெய்ப் பரலை உருட்டி வந்து
அதில் ஏறி எண்ணினாள்.
றோட்டில் ஒரு டிப்பர் போனது, முல்லைத்தீவுப் பக்கம்.
அது போய் முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நான் வவுனியாவில எடுத்தது பிள்ளை.
அதுக்கு முதல் ஆற்றையெண்டு தெரியாது."
இந்த முறை அவர் சாவியைச் சுற்றவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம். விபத்து: ஆம், இல்லை.
ஆம் என்றால் லீசிங்காரன் ஒன்றரை லட்சம் வெட்டுவான்.
"விபத்தெண்டு போடாதையும் தம்பி. விலைக்காகச் சொல்லேல்லை."
சுபதீபா பரலில் நின்றபடியே சொன்னாள்:
"விபத்தில்லைத்தானே."

பிறகு கேட்டாள்: "மழைக்கு ஒழுகுமோ?"

அதற்குக் கருவி இல்லை.
அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.
இராசகுலம் வாளி வாளியாய் அள்ளித் தர
நான் ஊற்றினேன். சோக்கு வட்டங்கள் கரைந்து
கண்ணாடியில் வெள்ளைவெள்ளையாய் வழிந்தன.
உள்ளிருந்து அவள் குரல்: "இன்னும் ஊத்துங்கோ."
ஊற்றினோம்.
"இன்னும்."

ஒரு சொட்டு இறங்கவில்லை.
பட்டி வைத்தவன் கெட்டிக்காரன்.
எந்தக் கராஜோ, எவனோ,
பதினொரு தரம் உரைதாள் பிடித்திருக்கிறான்,
பதினொரு தரம் விரலால் தடவி
காணும் என்று நினைத்திருக்கிறான்.

ஓரத்தில் எழுதினேன்:
கூரையில் பதினொரு இடம் பட்டி. நீர் புகாது.
நாற்பதாயிரம் குறைத்தார், அவராகவே.
ஈரக் கூரையோடு வான் போய்விட்டது.

நாலு மணிக்கு லீசிங்காரன் அழைத்தான்.
"வடிவாப் பாத்தனீரோ?"
"பாத்தனான்."
"விபத்துக் கட்டம் வெறுமையாக் கிடக்கு."
"ஓம்" என்றேன்.